ஒற்றையா, இரட்டையா? புதிர் போடும் வீடுகளுக்குப் பயனுள்ள குறிப்புகள்

கோடை விடுமுறை வந்துவிட்டால் பரணில் கிடக்கும் சதுரங்கப் பலகை, பிரைன்விடா, வண்ணக் கனசதுரம் எல்லாம் கூடத்துக்கு வந்துவிடும். பிள்ளைகள் ஒரு புதிரை நாலைந்து விதமாகப் போட்டுப் பார்ப்பார்கள். பிறகு "இது வராது" என்று தள்ளிவைத்துவிட்டு எழுந்து போவார்கள். அங்கேதான் பெரியவர்கள் உட்கார்ந்து பேச வேண்டும். வராது என்றால் ஏன் வராது? அதற்கு யாரும் மறுக்க முடியாத காரணம் ஒன்றைச் சொல்லிவிட்டால், புதிர் தீர்ந்தது என்றே பொருள். இதற்குப் பெரிய கணக்கு எதுவும் வேண்டாம். ஒற்றைப்படை, இரட்டைப்படை தெரிந்திருந்தால் போதும். கையில் ஒரு கட்டம் போட்ட நோட்டும் இரண்டு மூன்று வண்ணப் பென்சில்களும் இருக்கட்டும்.

1. கூட்டல் புதிர் எதுவானாலும் கூட்டத் தொடங்குமுன் ஒற்றைப்படை எண்கள் எத்தனை இருக்கின்றன என்று மட்டும் எண்ணுங்கள். அவை இரட்டை எண்ணிக்கையில் இருந்தால் கூட்டுத்தொகை இரட்டை. ஒற்றை எண்ணிக்கையில் இருந்தால் கூட்டுத்தொகை ஒற்றை. இரட்டைப்படை எண்கள் எத்தனை இருந்தாலும் கவலையில்லை. சோவியத் நாட்டில் 1, 3, 5, 25 ரூபிள் நோட்டுகள் இருந்தன. அங்கே கணித வட்டங்களில் பிள்ளைகளுக்குப் போடும் பழைய கேள்வி இது: 25 ரூபிள் நோட்டுக்கு 1, 3, 5 ரூபிள் நோட்டுகளாகச் சரியாகப் பத்து நோட்டு சில்லறை தர முடியுமா? பத்து ஒற்றைப்படை எண்களைக் கூட்டினால் இரட்டைதான் வரும். 25 ஒற்றை. ஆகவே முடியாது. ஒரு நோட்டைக்கூட எடுத்து எண்ண வேண்டிய வேலையில்லை.

2. ஒன்று முதல் பத்து வரை எழுதி, இடையில் கூட்டல் கழித்தல் குறிகளை இஷ்டம்போல் போட்டு, விடை பூஜ்யம் வரவேண்டும் என்று பிள்ளைகளிடம் கொடுத்துப் பாருங்கள். ஒரு கூட்டல் குறியைக் கழித்தலாக மாற்றினால், அந்த எண்ணின் இரண்டு மடங்கு குறைகிறது. அதாவது ஒவ்வொரு மாற்றமும் இரட்டைப்படை அளவுதான். எல்லாவற்றையும் கூட்டினால் 55. ஒற்றையில் தொடங்கியது ஒற்றையிலேயே நிற்கும், பூஜ்யத்தைத் தொடாது. பதினொன்று வரை எழுதினால் மொத்தம் 66, அப்போது முடியும். முடிகிற வழியைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

3. ஏழு டம்ளர்களை நிமிர்த்தி வையுங்கள். ஒவ்வொரு தடவையும் நான்கு டம்ளர்களைத் திருப்ப வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. ஏற்கெனவே கவிழ்ந்திருப்பதைத் திரும்ப நிமிர்த்தினாலும் சரிதான். கடைசியில் ஏழும் கவிழ வேண்டும். சாப்பாட்டுக்குக் காத்திருக்கும் நேரத்துக்கு ஏற்ற புதிர். கவிழ்ந்த டம்ளர்களின் எண்ணிக்கையை ஒவ்வொரு தடவையும் ஒரு தாளில் குறிக்கச் சொல்லுங்கள்: 0, 4, 2, 6, 4 என்று போகும். ஒற்றைப்படை எண் ஒன்றுகூட வராததைப் பிள்ளைகளே கவனித்துவிடுவார்கள். நான்கில் சில கவிழ்கின்றன, மீதி நிமிர்கின்றன. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எப்போதும் இரட்டை. ஏழு ஒற்றை.

இந்தக் குறித்துவைக்கும் பழக்கம் எல்லாப் புதிருக்கும் உதவும். ஆட்டத்தில் எது மாறுகிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். எது மாறாமல் இருக்கிறது என்று தேடுங்கள்.

4. 4×6 கட்டமுள்ள சாக்லேட்டை 24 துண்டாக்க எத்தனை தடவை உடைக்க வேண்டும்? எப்படி உடைத்தாலும் ஒரு உடைப்பில் ஒரு துண்டு கூடும், அவ்வளவுதான். ஆகவே 23. சிக்கனமான வழி என்று ஒன்று கிடையாது. தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

5. இனி வண்ணத்துக்கு வருவோம். சதுரங்கப் பலகையில் எதிரெதிர் மூலைக் கட்டங்கள் இரண்டைக் காகிதம் ஒட்டி மறைத்துவிடுங்கள். மீதி 62 கட்டம். இரண்டு கட்ட நீளமுள்ள அட்டைத் துண்டுகள் 31 வெட்டிக்கொள்ளுங்கள். அவற்றால் பலகை முழுவதையும் மூட முடியுமா? தத்துவப் பேராசிரியர் மேக்ஸ் பிளாக் 1946-ல் ஒரு தர்க்கப் பாடநூலில் பயிற்சியாகக் கொடுத்த புதிர் இது. எண்ணிக்கை பொருந்துகிறது என்பதால் பிள்ளைகள் விடாமல் அடுக்குவார்கள்; ஒவ்வொரு தடவையும் கடைசியில் இரண்டு கட்டம் தனித்தனியாக மிஞ்சும். அந்த இரண்டும் என்ன நிறம் என்று கேளுங்கள். இரண்டும் ஒரே நிறமாகத்தான் இருக்கும். ஒவ்வொரு அட்டையும் பக்கத்துக் கட்டங்கள் இரண்டை மூடுகிறது. அதாவது ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை. எதிரெதிர் மூலைகளோ ஒரே நிறம். மூலைகள் வெள்ளை என்றால் மீதி 32 கறுப்பு, 30 வெள்ளை. கணக்கு நேராகவே நேராகாது.

இதில் என்னைக் கவர்ந்தது ஒன்று உண்டு. பலகையில் நிறம் இல்லாமல் வெறும் கட்டம் போட்ட தாளில் இதே புதிரைக் கொடுத்தால், கெட்டிக்காரப் பெரியவர்களும் திணறுவார்கள். நிறம் பூசியதும் பத்து வயதுப் பிள்ளைக்கு விளங்கிவிடுகிறது. ஆகவே கட்டம் உள்ள புதிர் எதுவானாலும் முதல் வேலையாகக் கறுப்பு வெள்ளை பூசிவிடுங்கள்.

6. ஒரு எச்சரிக்கை. நிறங்கள் சமமாக இல்லாவிட்டால் முடியாது என்பது உறுதி. சமமாக இருந்தால் முடியும் என்று சொல்லிவிடாதீர்கள். ஒரு மூலைக்கு இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும் கட்டங்களை மறைத்துவிட்டு, ஈடாக வேறெங்கோ எதிர் நிறக் கட்டங்கள் இரண்டையும் மறைத்தால் நிறக் கணக்கு சரியாகத்தான் இருக்கும். ஆனால் மூலைக் கட்டம் துணையில்லாமல் தனியே நிற்கும்.

ஒரு கறுப்பையும் ஒரு வெள்ளையையும் மட்டும் மறைத்தால்? எங்கே மறைத்தாலும் முடியும். ரால்ஃப் கோமரி காட்டிய வழி மிக அழகானது. 64 கட்டங்களையும் ஒருமுறை தொட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே வரும் ஒரு பாதையைப் போடுங்கள். முதல் நெடுவரிசையில் கீழே இறங்கி, மீதி ஏழு நெடுவரிசைகளில் வரிசை வரிசையாக வளைந்து வளைந்து மேலே ஏறி வந்தால் கிடைத்துவிடும். பாதையில் கறுப்பும் வெள்ளையும் மாறி மாறி வரும். ஒரு கறுப்பு, ஒரு வெள்ளை எடுத்தால் பாதை இரண்டு துண்டாகும். ஒவ்வொரு துண்டிலும் இரட்டை எண்ணிக்கையில்தான் கட்டங்கள் இருக்கும். அட்டைகளைப் பாதை நெடுகப் போட்டுக்கொண்டே போகலாம்.

7. வீட்டில் தளம் போடுபவர்களுக்கு நேரடியாகப் பயன்படும் குறிப்பு இது. 10 அடிக்கு 10 அடி அறை. நான்கடி நீளம், ஓரடி அகலமுள்ள பலகை வடிவ டைல்ஸ். பரப்பு 100 சதுர அடி, ஒரு பலகை 4 சதுர அடி, ஆக 25 பலகை வாங்கினால் வெட்டாமல் போட்டுவிடலாம் என்று தோன்றும். போட முடியாது.

இதற்குச் சாதாரணக் கறுப்பு வெள்ளை உதவாது. ஒரு பலகை எப்படியும் இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளையை மூடும்; அறையிலும் 50, 50. முரண்பாடே தெரியாது. அப்படியானால் நிறம் பூசும் முறையை மாற்ற வேண்டும். இரண்டடிக்கு இரண்டடி கட்டிகளாகப் பிரித்து, கட்டிகளுக்குக் கறுப்பு வெள்ளை பூசுங்கள். ஒரு வரிசையைப் பார்த்தால் கறுப்பு, கறுப்பு, வெள்ளை, வெள்ளை, கறுப்பு, கறுப்பு என்று ஓடும். அடுத்தடுத்த நான்கு அடியை எங்கிருந்து எடுத்தாலும் இரண்டு கறுப்பு, இரண்டு வெள்ளை. ஆனால் அறையில் மொத்தம் 25 கட்டி; 13 கறுப்பு, 12 வெள்ளை. சதுர அடியில் சொன்னால் 52, 48. இருபத்தைந்து பலகைகள் மூடக்கூடியது 50, 50. ஆகவே ஒரு பலகையையாவது வெட்டித்தான் தீரவேண்டும்.

வெட்டப் பிரியமில்லை என்றால் ஒரு வழி இருக்கிறது. 24 பலகை மட்டும் வாங்குங்கள். ஆறு பலகைகளைச் சேர்த்து வைத்தால் 6 அடிக்கு 4 அடி பட்டை ஒன்று கிடைக்கும். ஒரு மூலையில் அதைச் சுவரோடு நீளவாக்கில் போட்டு, அடுத்த மூலையில் திருப்பிப் போட்டு, இப்படியே நாலு மூலையும் சுற்றி வந்தால் நட்டநடுவில் சரியாக 2 அடிக்கு 2 அடி இடம் மிஞ்சும். அங்கே கோலம் போட்ட டைல் ஒன்று பதித்துவிட்டால் அறைக்கே களை வந்துவிடும்.

8. டெட்ரிஸ் ஆட்டத்தில் வரும் நான்கு கட்ட வடிவங்களில், கண்ணாடிப் பிம்பங்களை ஒன்றாகக் கொண்டால் ஐந்து வகை. ஐந்துக்கும் சேர்த்து 20 கட்டம். ஆனால் இவற்றை 4×5 செவ்வகமாக அடுக்க முடியாது. நான்கு வடிவங்கள் இரண்டுக்கு இரண்டு மூடும். நடுவில் முனை நீட்டிக்கொண்டிருக்கும் டி வடிவம் மட்டும் மூன்றுக்கு ஒன்று மூடும். இந்த வகை அடுக்குப் புதிர்களைக் கணிதத்துக்குள் ஒழுங்காகக் கொண்டுவந்தவர் சாலமன் கோலம்ப். 1953-ல் ஹார்வர்டில் பேசியபோது இவற்றுக்குப் பாலியோமினோ என்று பெயர் வைத்தார்.

9. சதுரங்கக் குதிரை ஒவ்வொரு பாய்ச்சலிலும் நிறம் மாறும். குதிரைப் புதிர்களில் பாதிக்கு இந்த ஒரு வரி போதும். இடது கீழ் மூலையில் புறப்பட்டு, எல்லாக் கட்டத்தையும் ஒரே ஒரு தடவை மிதித்து, எதிர் மூலையில் முடிக்க முடியுமா? 63 பாய்ச்சல், ஒற்றைப்படை. ஆகவே முடியும் இடம் எதிர் நிறமாக இருக்க வேண்டும். எதிர் மூலை அதே நிறம். 5×5 பலகையில் எல்லாக் கட்டமும் சுற்றிவிட்டுப் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பப் பாய்வதும் நடக்காது. கட்டங்கள் 25, நிறங்கள் சமமாக இல்லை.

குதிரைச் சுற்று நம் பக்கத்துக்குப் புதிதல்ல. காஞ்சிபுரத்துத் தூப்புலில் பிறந்த வேதாந்த தேசிகர், வடமொழியில் இயற்றிய பாதுகா சஹஸ்ரத்தின் சித்திர பத்ததியில் இதைச் செய்யுளாகவே வைத்திருக்கிறார். ஒரு சுலோகத்தின் 32 அசைகளை 4×8 கட்டத்தில் எழுதி, குதிரை பாயும் வரிசையில் படித்தால் அடுத்த சுலோகம் வரும். அவருக்குச் சில நூற்றாண்டுகளுக்கு முன்பே காஷ்மீரத்து ருத்ரடரும் தம் காவ்யாலங்காரத்தில் இவ்வகைப் பந்தத்தைக் கையாண்டிருக்கிறார்.

அந்த 4×8 பலகையில் கடைசிக் கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்கே குதிரை திரும்பிப் பாயும்படி சுற்ற முடியுமா? நிறம் மட்டும் பார்த்தால் 16, 16. தடை எதுவும் தெரியாது. இங்கே இரண்டாவது பூச்சு ஒன்று வேண்டும். மேல் வரிசை, கீழ் வரிசை இரண்டும் ஓரம். நடு வரிசைகள் இரண்டும் உள்ளே. ஓரத்தில் நிற்கும் குதிரை எங்கே பாய்ந்தாலும் உள்ளேதான் விழும். தாளில் வரைந்து பாருங்கள், வேறு வழியே இல்லை. ஓரக் கட்டங்கள் 16, உள் கட்டங்கள் 16. ஒவ்வொரு ஓரத்துக்கும் அடுத்து ஓர் உள் கட்டம் வந்தாக வேண்டும், எண்ணிக்கையோ சமம். எனவே சுற்று முழுவதும் ஓரம், உள், ஓரம், உள் என்றே போக வேண்டும். அதே சமயம் கறுப்பு, வெள்ளை, கறுப்பு, வெள்ளை என்றும் போகிறது. இரண்டும் சேர்ந்து நடந்தால் ஓரக் கட்டம் எல்லாம் ஒரே நிறமாக இருக்க வேண்டும். பலகையில் அப்படி இல்லை! ஹங்கேரியின் லாயோஷ் போசா பெயரால் வழங்கும் இந்த நிரூபணத்தை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு அலுக்காது. ஒரு வண்ணத்தில் சிக்காதது இரண்டு வண்ணத்தைச் சேர்த்துப் பார்க்கும்போது சிக்குகிறது.

10. மூன்றுக்கு மூன்றுக்கு மூன்று என்று 27 சிறு கட்டிகளாலான பாலாடைக்கட்டி. எலி ஒரு மூலைக் கட்டியில் தொடங்கி, ஒட்டியிருக்கும் கட்டிகளாகத் தின்றுகொண்டே போய், நடுக்கட்டியைக் கடைசியாகத் தின்ன முடியுமா? கட்டிகளுக்குக் கறுப்பு வெள்ளை பூசினால் மூலை நிறம் 14, நடுக்கட்டியின் நிறம் 13. மாறி மாறித் தின்றால் 14 உள்ள நிறத்தில் தொடங்கி அதே நிறத்தில்தான் முடியும். நடுக்கட்டி மற்ற நிறம்.

11. கையெடுக்காமல் ஒரே கோட்டில் வரையச் சொல்லும் படங்களுக்குப் பென்சிலை எடுக்குமுன் ஒவ்வொரு சந்திப்பிலும் எத்தனை கோடு கூடுகிறது என்று எண்ணுங்கள். ஒற்றைப்படையாகக் கோடுகள் கூடும் சந்திப்புகள் இல்லவே இல்லை என்றால் எங்கே தொடங்கினாலும் அங்கேயே முடிக்கலாம். இரண்டே இரண்டு இருந்தால் ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடியுங்கள். நான்கோ அதற்கு மேலோ இருந்தால் விட்டுவிடுங்கள். நடுவில் கடந்துபோகும் ஒவ்வொரு சந்திப்பிலும் உள்ளே வர ஒரு கோடு, வெளியே போக ஒரு கோடு என இரண்டிரண்டாகச் செலவாகிறது. ஒற்றை மிஞ்சும் இடம் தொடக்கமாகவோ முடிவாகவோதான் இருக்க முடியும். படம் ஒரே தொடர்ச்சியாக இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை. பெட்டியும் அதற்குள் இரண்டு குறுக்குக் கோடும் போட்டால் நாலு மூலையிலும் மூன்று மூன்று கோடு, வராது. அதன் மேல் கூரை வைத்து வீடாக்கினால் மேல் மூலைகளில் நாலு நாலாகிவிடும். கீழ் மூலை ஒன்றில் தொடங்கினால் வந்துவிடும்.

பிரஷ்யாவின் கோனிக்ஸ்பர்க் நகரில் ஏழு பாலங்களையும் ஒரே நடையில் ஒவ்வொரு தடவை மட்டும் கடக்க முடியாது என்று ஆய்லர் 1735-ல் காட்டியதும் இதே எண்ணிக்கையால்தான். நிலப்பகுதிகள் நான்கு, அவற்றைத் தொடும் பாலங்கள் 5, 3, 3, 3. நான்குமே ஒற்றை.

சிக்குக் கோலத்தில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடமெல்லாம் நாலு கிளை. ஆகவே கையெடுக்காமல் சுற்றி வர எப்போதும் வழியுண்டு. ஆனால் வெட்டும் இடத்தில் திரும்பாமல் நேராகவே போக வேண்டும் என்பதல்லவா கோலத்தின் முறை? அப்போது எத்தனை தனிக் கோடு வரும் என்பதற்கு வேறு கணக்கு. நேர்ப்புள்ளி வைத்து, அடுத்தடுத்த புள்ளிகள் ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவில் கோடு வெட்டிப் போகும் எளிய சிக்குக் கோலமானால், வரிசை எண்ணிக்கைக்கும் புள்ளி எண்ணிக்கைக்கும் உள்ள மீப்பெரு பொதுக் காரணிதான் கோடுகளின் எண்ணிக்கை. மூன்று வரிசையில் நாலு நாலு புள்ளி வைத்தால் ஒரே கோடு. நாலு வரிசையில் ஆறாறு புள்ளி வைத்தால் இரண்டு கோடு. நாலுக்கு நாலு என்றால் நாலு கோடு. இரண்டு எண்ணும் இரட்டைப்படையாக இருந்தால் ஒரே கோட்டில் ஒருநாளும் வராது. ஒரே கோடு வேண்டுமானால் அடுத்தடுத்த எண்களாக எடுத்துக்கொள்ளுங்கள், தவறாது. சென்னை கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தைக் கணினி இலக்கணமாக ஆராய்ந்து 1974-லேயே கட்டுரை வெளியிட்டார்கள். வாசலில் போடுவதில் இவ்வளவு கணிதம் இருக்கிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

12. விருந்தில் கைகுலுக்கியவர்களைக் கேட்டால், ஒற்றைப்படைத் தடவை கைகுலுக்கியவர்கள் இரட்டை எண்ணிக்கையில்தான் இருப்பார்கள். ஒரு குலுக்கலுக்கு இரண்டு கை.

13. ஒன்று முதல் பதினைந்து வரை எண்ணுள்ள கட்டைகளை நகர்த்தி ஒழுங்காக்கும் பிளாஸ்டிக் பெட்டி பல வீடுகளில் உண்டு. கடைசியில் 14-ம் 15-ம் மட்டும் இடம் மாறி நின்றால், நகர்த்திச் சரிசெய்ய முயலாதீர்கள். யாரோ கட்டைகளைக் கழற்றி மாற்றிப் போட்டிருக்கிறார்கள். நீங்களும் கழற்றித்தான் சரிசெய்ய வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலிலும் வெற்றிடமும் ஒரு கட்டையும் இடம் மாறுகின்றன; வெற்றிடம் கறுப்பு வெள்ளையாகத் தாவுகிறது. அது பழைய மூலைக்கே திரும்பியிருந்தால் நகர்த்தல்கள் இரட்டைப்படை. இரண்டு கட்டை மட்டும் மாறியிருப்பது ஒற்றைப்படை மாற்றம். இரட்டைப்படை மாற்றங்களால் ஒற்றைப்படை மாற்றத்தைச் செய்ய முடியாது.

1880-ல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் இந்தப் பெட்டியால் பித்துப்பிடித்துக் கிடந்தன. ஜான்சன், ஸ்டோரி என்ற இரு கணித அறிஞர்களின் விளக்கம் 1879-ஆம் ஆண்டின் அமெரிக்கக் கணித இதழிலேயே வந்துவிட்டது. ஆனாலும் ஜனங்கள் நகர்த்திக்கொண்டே இருந்தார்கள். புதிர் மன்னர் சாம் லாய்டு பின்னாளில் இது தம் கண்டுபிடிப்பு என்று சொல்லிக்கொண்டார். உண்மையில் உருவாக்கியவர் நியூயார்க் மாநிலத்துக் கனஸ்டோட்டா ஊரின் தபால் அதிகாரி நோயஸ் சாப்மன்.

14. பிரைன்விடா ஆடுபவர்கள் கட்டாயம் செய்துபார்க்க வேண்டியது இது. 33 குழி, 32 கோலி, நடுக்குழி காலி. ஒரு கோலி பக்கத்துக் கோலியைத் தாண்டி விழும். தாண்டப்பட்டதை எடுத்துவிட வேண்டும். பலகையைத் தாளில் வரைந்து, மூலைவிட்டம் மூலைவிட்டமாகச் சிவப்பு, நீலம், பச்சை என்று மாற்றி மாற்றிப் பூசுங்கள். நடுக்குழி சிவப்பில் வரட்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் 11 குழி கிடைக்கும். எந்த வரிசையிலும் அடுத்தடுத்த மூன்று குழிகள் மூன்று நிறமாக இருக்கும்.

ஒரு தாண்டலில் இரண்டு நிறத்தில் ஒவ்வொரு கோலி குறைகிறது, மூன்றாவது நிறத்தில் ஒன்று கூடுகிறது. ஆக மூன்று நிறத்தின் எண்ணிக்கையும் ஒரே சமயத்தில் ஒற்றை இரட்டையாக மாறுகிறது. தொடக்கத்தில் சிவப்பு 10, நீலம் 11, பச்சை 11. நீலமும் பச்சையும் எப்போதும் ஒரே கட்சி. சிவப்பு எதிர்க் கட்சி. கடைசியில் ஒரே கோலி மிஞ்சும்போது அது நீலத்தில் இருந்தால் நீலம் 1, பச்சை 0 என்று கட்சி பிரிந்துவிடும். எனவே அது சிவப்பில்தான் இருந்தாக வேண்டும். இன்னொரு தாளில் எதிர்ப்பக்க மூலைவிட்டமாகப் பூசுங்கள். அங்கும் இதே முடிவு. இரண்டு தாளிலும் சிவப்பாக இருக்கும் குழிகள் ஐந்தே ஐந்து: நடுக்குழி, நான்கு கைகளின் நுனி வரிசையில் நடுவில் இருக்கும் குழிகள். வேறு எங்கும் ஒற்றைக் கோலி நிற்கவே நிற்காது.

இன்னும் ஒன்று. உங்கள் கடைசிக் கோலி நுனிக் குழியில் நின்றுவிட்டதா? வருத்தப்படாதீர்கள். அந்தக் குழிக்குள் தாண்டி வர ஒரே வழிதான் உண்டு. அப்படியானால் கடைசித் தாண்டலுக்கு முன் அந்தக் கையில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் இரண்டு கோலி இருந்திருக்கும். உள்ளேயிருந்து வெளியே தாண்டாமல், வெளியே இருந்ததை உள்நோக்கித் தாண்டவிட்டிருந்தால் நேராக நடுக்குழியில் விழுந்திருக்கும். ஒரு கோலியாக முடிக்கத் தெரிந்த எவரும் நடுவிலும் முடிக்கலாம். ஒரே கோலியின் தொடர்த் தாண்டல்களை ஒரு நகர்த்தலாக எண்ணினால், 1912-ல் எர்னஸ்ட் பெர்கால்ட் 18 நகர்த்தலில் முடித்தார்.

15. கல்யாண வீட்டில் பிள்ளைகளைக் கட்டிப்போட ஒரு விளையாட்டு. பத்துப் பேரை ஒருவர் பின் ஒருவராக நிறுத்தி, ஒவ்வொருவர் தலையிலும் கறுப்போ வெள்ளையோ தொப்பி வையுங்கள். தன் தொப்பி தெரியாது. முன்னால் நிற்பவர்களுடையது தெரியும். பின்னால் நிற்பவரில் தொடங்கி ஒவ்வொருவரும் தன் தொப்பியின் நிறத்தைச் சொல்ல வேண்டும். முன்கூட்டிப் பேசிவைத்துக்கொள்ளலாம். ஒன்பது பேராவது நிச்சயமாகச் சரியாகச் சொல்லலாம். கடைசியில் நிற்பவர் தன் முன்னால் தெரியும் கறுப்புத் தொப்பிகள் ஒற்றைப்படை என்றால் "கறுப்பு" என்பார், இரட்டைப்படை என்றால் "வெள்ளை" என்பார். அவருடைய தொப்பி அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது. மற்றவர்களுக்கு அதுதான் துப்பு.

நாலு பேரை வைத்துப் பார்ப்போம். கடைசியில் நிற்பவருக்கு முன்னால் வரிசையாகக் கறுப்பு, வெள்ளை, கறுப்பு. இரண்டு கறுப்பு, "வெள்ளை" என்கிறார். அடுத்தவருக்குத் தெரிவது வெள்ளை, கறுப்பு; ஒரே கறுப்பு. இரட்டை என்று கேட்டோமே, அப்படியானால் இன்னொன்று தன் தலையில். "கறுப்பு" என்கிறார். மூன்றாமவர் பின்னால் ஒரு கறுப்பைக் கேட்டார், முன்னால் ஒன்றைப் பார்க்கிறார், இரட்டை நிறைந்துவிட்டது. "வெள்ளை." எதையுமே பார்க்காமல் முன்னால் நிற்கும் சிறு பிள்ளை, இதுவரை ஒரு கறுப்புதான் வந்தது என்று எண்ணி "கறுப்பு" என்று சொல்லும்போது கூட்டமே கைதட்டும்.

16. பூவா தலையா வித்தை. 25 நாணயங்களை ஐந்துக்கு ஐந்தாகப் பிள்ளையை இஷ்டம்போல் அடுக்கச் சொல்லுங்கள். "இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குகிறேன்" என்று சொல்லி ஒவ்வொரு வரிசைக்கும் வலப்பக்கம் ஒரு நாணயம் சேருங்கள். வரிசையில் தலை, பூ, பூ, தலை, தலை என்று இருந்தால் மூன்று தலை. ஒரு தலை சேர்த்து நாலாக்குங்கள். ஏற்கெனவே இரட்டையாக இருந்தால் பூ வையுங்கள். பிறகு கீழே ஒரு வரிசை சேர்த்து நெடுவரிசைகளையும் அப்படியே இரட்டையாக்குங்கள். மூலை நாணயம் இரண்டு பக்கத்துக்கும் தானாகவே பொருந்திவிடும்.

இப்போது திரும்பி நில்லுங்கள். பிள்ளை 36-ல் ஏதாவது ஒன்றைப் புரட்டட்டும். திரும்பிப் பார்த்தால் ஒரு வரிசையிலும் ஒரு நெடுவரிசையிலும் மட்டும் தலைகள் ஒற்றையாக இருக்கும். இரண்டும் சந்திக்கும் இடத்தைக் காட்டுங்கள். இரண்டு நாணயத்தைப் புரட்டினால் ஏதோ நடந்தது என்று தெரியும், எவை என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பெல் ஆய்வகத்தின் ரிச்சர்டு ஹாமிங் 1950-ல் வெளியிட்ட பிழைதிருத்தும் குறிமுறை இந்த யோசனையை இன்னும் சிக்கனமாக்கியது. கணினி நினைவகங்களில் புரண்டுபோன ஒரேயொரு இலக்கத்தைக் கண்டுபிடித்துத் திருத்துவது அந்த வழியில் வந்த முறைதான்.

17. எர்னோ ரூபிக் 1974-ல் புடாபெஸ்டில் உருவாக்கிய கனசதுரம் கீழே விழுந்து துண்டுகள் தெறித்துவிட்டால், கண்டபடி மாட்டாதீர்கள். கண்டபடி மாட்டினால் பன்னிரண்டில் ஒரு பங்குதான் தீரக்கூடிய நிலை கிடைக்கும். எல்லாப் பக்கமும் நிறம் சேர்ந்த நிலையிலேயே மாட்டிவிட்டுப் பிறகு கலையுங்கள்.

தீர்த்துக்கொண்டே வந்து கடைசியில் ஒரு மூலை மட்டும் தன் இடத்திலேயே திரும்பியிருந்தால், ஒரு விளிம்புத் துண்டு மட்டும் புரண்டிருந்தால், அல்லது இரண்டு துண்டு மட்டும் இடம் மாறியிருந்தால், உங்கள் முறையில் பிழையில்லை. கனசதுரத்தை யாரோ கழற்றியிருக்கிறார்கள், அல்லது ஒட்டுக்காகிதம் மாறியிருக்கிறது. ஒரு பக்கத்தை ஒருமுறை திருப்பினால் நான்கு மூலைகள் சுழல்கின்றன, நான்கு விளிம்புகளும் சுழல்கின்றன. நான்கைச் சுழற்றுவது மூன்று இடமாற்றத்துக்குச் சமம். இரண்டும் சேர்ந்து ஆறு, இரட்டை. ஒற்றை இடமாற்றம் இதில் பிறக்காது. திரும்பிய மூலையைக் கையாலேயே மெல்லத் திருகிவிடலாம்; மற்ற இரண்டுக்கும் ஒரு பக்கத்தைக் கால் சுற்றில் பாதியளவு திருப்பி, விளிம்புத் துண்டை நெம்பி எடுத்துச் சரியாக மாட்டுங்கள்.

இது 3×3 கனசதுரத்துக்கு மட்டும். 4×4-ல் இப்படி ஒன்று புரண்டு நிற்பது இயல்பாகவே நேரும். அதற்குத் தனித் திருப்ப முறைகள் இருக்கின்றன, கழற்ற வேண்டாம்.